அந்த 15 சென்ட் எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, சபையோரே, வணக்கம்.

'நிச்சயதார்த்த மோதிரத்துக்குப் பெரிய வைரம் எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எடையா, வெட்டா?' இதுதான் தலைப்பு. எடைதான் என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கல்லின் கோணமா தெரியும், அளவுதானே தெரியும் என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். நான் வெட்டுக் கட்சி. கல்லை எந்தக் கோணத்தில், எந்த அளவில் பட்டை தீட்டியிருக்கிறார்கள் என்பதுதான் வெட்டு. கடைக்காரர்கள் இதைக் கட்டிங் என்பார்கள். அந்த மூலையில் சிரிக்கிற அண்ணன்மார்களே, நான் சொல்வது வைரக் கட்டிங்!

எதிரணி தூக்கிப் பிடித்த கேரட்டிலிருந்தே வருகிறேன். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். அதை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். இது தராசு சொல்லும் கணக்கு. விரலில் தராசு இல்லை ஐயா. விரலில் தெரிவது விட்டம். நன்றாக வெட்டிய வட்டக் கல் ஒரு கேரட்டில் ஏறத்தாழ 6.45 மி.மீ. விட்டம் இருக்கும். எடையை இரட்டிப்பாக்கி இரண்டு கேரட் வாங்குங்கள், விட்டம் 8.1 மி.மீ.தான் வரும். கூடியது ஒன்றரை மி.மீ.க்குச் சற்று மேலே. விலையோ இரண்டு மடங்கோடு நிற்காது, ஏனென்றால் கல் பெரிதாகப் பெரிதாக ஒரு கேரட்டுக்கு உரிய விலையே ஏறிக்கொண்டு போகும்.

இப்போது நடுவர் மேசையில் இரண்டு கல் வைக்கிறேன். கணக்கில்தான் வைக்கிறேன், காவல் தேவையில்லை. முதல் கல் 1.05 கேரட். விட்டம் 6.55 மி.மீ., உயரம் 4.00 மி.மீ. இரண்டாவது கல் 1.20 கேரட். எதிரணி பாய்ந்து இதைத்தான் எடுக்கும். அதன் விட்டத்தைப் பாருங்கள்: அதுவும் 6.55 மி.மீ.! உயரம் 4.32 மி.மீ. அதாவது, விட்டத்தில் 66 விழுக்காடு ஆழம், அதோடு கல்லைச் சுற்றி ஓடும் விளிம்பாகிய இடுப்பும் தடிமன். வட்டக் கல்லின் எடையைக் குத்துமதிப்பாகப் போட வியாபாரிகள் வைத்திருக்கும் வாய்பாடு ஒன்று உண்டு: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 0.0061-ஆல் பெருக்க வேண்டும். முதல் கல்லுக்குப் போட்டால் 1.05 வருகிறது. இரண்டாவதற்குப் போட்டால் 1.13, தடித்த இடுப்புக்காக ஐந்தாறு விழுக்காடு சேர்த்தால் 1.20. ஆக, 15 சென்ட் அதிகம் கொடுத்து வாங்கிய கல் மேலேயிருந்து பார்க்கையில் இம்மியும் பெரிதாகத் தெரியாது. அந்த 15 சென்ட் எங்கே போனது? கல்லின் வயிற்றிலும் இடுப்பிலும் உட்கார்ந்திருக்கிறது. மோதிரத்தில் கட்டிய பிறகு அதை நீங்களும் பார்க்க முடியாது, சம்பந்தியும் பார்க்க முடியாது.

வெட்டுகிறவர் ஏன் இப்படிச் செய்கிறார்? அவர் வஞ்சகர் அல்ல. உலகத்து வைரங்களில் பெரும்பகுதி பட்டை தீட்டப்படுவது சூரத்தில். எட்டு முகம் கொண்ட கச்சாக் கல்லை எடுத்து வட்டமாக வெட்டினால் பாதிக்கு மேலேகூடப் பொடியாகப் போய்விடும். சந்தை விலையோ 0.50, 0.70, 0.90, 1.00, 1.50, 2.00 என்று படிக்கட்டாக ஏறுகிறது. கோணம் பார்த்து வெட்டினால் 0.96 வரும், வயிற்றைக் கொஞ்சம் விட்டுவைத்தால் 1.01 வரும் என்றால் அவர் எதைச் செய்வார்? எடை எடை என்று நாம் கேட்கிறோம், அவர் எடையைக் கொடுக்கிறார். அதனால்தான் சொல்கிறேன், சரியாக 1.00, 1.50, 2.00-ல் நிற்கும் கல்லைக் கண்டால் ஒரு முறைக்கு இரண்டு முறை உயரத்தைப் பாருங்கள். 0.95-ல் நன்றாக வெட்டிய கல் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு கேரட்டோடு ஒப்பிட்டால் விட்டத்தில் 0.1 மி.மீ. வித்தியாசம், விலையில் ஒரு படி இறக்கம்.

சரி, எடை வயிற்றில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே, கெடுதல் என்ன என்று எதிரணி கேட்கலாம். கெடுதல் ஒளியில்தான்.

வைரத்தின் ஜொலிப்பு அதன் மேனியில் இல்லை. உள்ளே போன ஒளி திரும்பி வருவதில் இருக்கிறது. டேபிள் என்கிற மேல்முகம் வழியாக இறங்கும் ஒளி, பெவிலியன் என்கிற அடிச்சுவரில் மோதும். வைரத்துக்குள் 24.4 டிகிரி என்று ஓர் எல்லைக்கோணம் உண்டு. சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அதைவிடச் சாய்வாக மோதும் ஒளி வெளியேற முடியாமல் உள்ளேயே எதிரொளித்து, எதிர்ச்சுவரில் மோதி, மறுபடி எதிரொளித்து, மேல்வழியாக உங்கள் கண்ணுக்கு வரும். 1919-ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி இதற்குக் கணக்குப் போட்டார்: அடிச்சுவர் 40.75 டிகிரி, மேற்சரிவாகிய கிரௌன் 34.5 டிகிரி, டேபிள் விட்டத்தில் 53 விழுக்காடு. நூறாண்டு கடந்தும் நல்ல கல் அந்த வட்டாரத்தில்தான் சுற்றுகிறது. அடிச்சுவர் 39-க்கும் கீழே தட்டையாகப் போனால் இடுப்பின் பிம்பம் டேபிளுக்குள் வெள்ளை வளையமாக விழும். அதற்கு மீன்கண் என்று பெயர். 44-ஐத் தாண்டிச் செங்குத்தானால் நடுவில் ஆணித்தலை போலக் கறுப்பு உட்காரும். நடுத்தரமான தவறுதான் மிகவும் பொல்லாதது: கல் கறுக்காது, ஆனால் டேபிளின் ஓரம் சுற்றிச் சாம்பல் பூத்தாற்போல ஒரு வளையம் நிற்கும். ஒளி அங்கே கீழே ஒழுகுகிறது. ஓட்டைக் குடத்தை எவ்வளவு பெரிதாக வாங்கினால்தான் என்ன?

பெரிய கல்லுக்கு வெட்டு முக்கியமா என்று சந்தேகம் இருந்தால் கோஹினூரைக் கேளுங்கள். கோல்கொண்டா நாட்டுக் கல். 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் வைத்தார்கள். அப்போது அதன் எடை பழைய கணக்கில் 186 கேரட், இன்றைய கணக்கில் 191. கூட்டம் முண்டியடித்துப் போய்ப் பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று உதட்டைப் பிதுக்கியது. கல் ஜொலிக்கவில்லை. அடுத்த ஆண்டே விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் ஏற்பாட்டில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆள் வரவழைத்து மறுபடி வெட்டினார்கள். மிஞ்சியது 105.6 கேரட். நாற்பது விழுக்காட்டுக்கு மேல் எடை போயிற்று! எடைதான் பெரிது என்றால் உலகத்திலேயே அதிகம் நஷ்டப்பட்ட குடும்பம் அதுதான். அந்தக் கல் நம்மவர்களிடம் திரும்ப வரவேண்டுமா என்பது வேறு பட்டிமன்றம்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி சிலப்பதிகாரத்தைத் துணைக்கு அழைத்தார். மதுரையின் இரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில் வைரத்தின் குற்றம் நான்கு வருகிறது; அதில் வெட்டு இல்லையே என்றார். நல்ல கேள்வி. காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கைக் காலடி போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. பட்டை தீட்டும் கலை இன்றைய வடிவத்துக்கு வரப் பல நூற்றாண்டுகள் இருந்த காலம் அது. அதிருக்கட்டும் சகோதரி, அந்த நான்கில் எடைக்குறைவு எங்கே இருக்கிறது?

அந்த நான்கும் இன்றைக்குக் கிளாரிட்டி என்ற தலைப்பில், பத்து மடங்கு பெருக்கும் லென்ஸின் கீழ் பார்க்கப்படுகின்றன. இங்கே பெரிய கல்லுக்கு ஒரு சங்கடம் உண்டு, மறைக்கவில்லை. 30 சென்ட் கல்லில் கண்ணுக்குத் தப்பும் புள்ளி, இரண்டு கேரட்டில் டேபிளுக்கு நடுவே வந்து நிற்கும். நிறமும் அப்படித்தான், கல் பெரிதானால் மஞ்சள் சாயல் தூக்கலாகத் தெரியும். ஆனாலும் லென்ஸிலும் குறை தேடிப் பிடிக்க வேண்டிய வி.வி.எஸ். வேண்டும், துளியும் நிறமில்லாத டி கலர் வேண்டும் என்று பணத்தைக் கொட்டத் தேவையில்லை. வட்டக் கல் ஒரு கேரட்டுக்குள் என்றால் அதற்குக் கீழ்ப்படியான வி.எஸ்.2, புள்ளி ஓரத்தில் இருந்தால் அதற்கும் கீழே எஸ்.ஐ.1 போதும், இரண்டு கேரட்டைத் தாண்டினால் வி.எஸ்.-க்குக் கீழே இறங்க வேண்டாம். நிறத்தில் டி-யிலிருந்து எழுத்து தள்ளிப் போகப் போக மஞ்சள் கூடும்; வெள்ளைத் தங்கத்தில் கட்டுவதானால் ஜி, எச் போதும். மஞ்சள் தங்கத்தில் ஐ, ஜே கூட உறுத்தாது. நன்றாக வெட்டிய கல், ஒளியை வாரி இறைத்துச் சின்னப் புள்ளியையும் லேசான நிறத்தையும் மறைத்துவிடும். மட்டமாக வெட்டிய கல்லில் டி கலரும் செத்துத்தான் கிடக்கும்.

கடையில் என்ன செய்ய வேண்டும்? சான்றிதழில் கேரட்டுக்கு முன்னால் அளவு வரியைப் படியுங்கள். '6.53 – 6.57 x 4.00' என்பது போல இருக்கும். முதல் இரண்டும் விட்டம். இரண்டுக்கும் வித்தியாசம் மிகுந்தால் கல் வட்டமே இல்லை. அப்புறம் படத்தில் கோணங்கள். மொத்த ஆழம் 60-லிருந்து 62 விழுக்காடு, டேபிள் 54-லிருந்து 58, கிரௌன் 34-லிருந்து 35 டிகிரி, பெவிலியன் 40.6-லிருந்து 41. இடுப்பு தடிமன் என்று எழுதியிருந்தால் எடை அங்கே ஒளிந்திருக்கிறது. மிக மெல்லியது என்றால் மோதிரத்தில் கட்டும்போதே சில்லு பெயரலாம். வைரம் கீறலுக்கு அசையாது, ஆனால் சரியான திசையில் அடி விழுந்தால் பிளக்கும். வைரத்துக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க நிறுவனமான ஜி.ஐ.ஏ. 2006-லிருந்து வட்டக் கல்லுக்கு வெட்டுத் தரம் கொடுக்கிறது. 'எக்ஸலண்ட்' என்று போட்டிருக்கிறதே, போதாதா? போதாது. அந்தக் கட்டம் அகலமானது. கிரௌனும் பெவிலியனும் இரண்டுமே செங்குத்தாக இருக்கும் கல்லும் அதற்குள் வந்துவிடும், சாம்பல் வளையத்தோடு.

பிறகு கல்லை ஸ்பாட் லைட்டை விட்டு வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த விளக்குக்குக் கீழே அமெரிக்கன் டைமண்டும் அள்ளிக்கொண்டு போகும். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், கை நீட்டும் தூரத்தில் பாருங்கள். உள்ளங்கையால் நிழல் கட்டிப் பாருங்கள். நல்ல வெட்டு நிழலிலும் ஓரம் வரை வெளிச்சமாக இருக்கும், மெதுவாக ஆட்டினால் வெளுப்பும் கறுப்பும் கூர்மையாக மாறி மாறி வரும். நேராகப் பார்க்கும்போது விரலின் தோல் நிறம் கல்லுக்குள் தெரிந்தால் கீழே வைத்துவிடலாம். இடுப்பில் லேசரால் பொறித்த எண்ணும் சான்றிதழ் எண்ணும் ஒன்றா என்று லென்ஸில் பார்ப்பதைக் கடைசிவரை மறக்காதீர்கள். வைரம் எல்லோருக்கும் ஒத்துக்காது என்று சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டே, அந்த நாட்களில் தோஷத்தோடு சேர்த்து இதையும் பார்த்துவிடலாம்.

முட்டை வடிவ ஓவல், பேரிக்காய் வடிவப் பேர், இரு முனையும் கூரான மார்க்கீஸ் ஆகிய வடிவங்களில் அதே எடைக்குக் கல் நீளமாகத் தெரியும் என்று எதிரணி சொன்னது உண்மை. ஆனால் அது எடைக்கு வந்த பெருமையா, வெட்டுக்கு வந்த பெருமையா? சொந்தக் கோலில் கோல் போட்டுவிட்டார்கள்! அங்கே ஒரு எச்சரிக்கை: இந்த வடிவங்களில் கல்லின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி போல ஒரு கறுப்புப் பட்டை நிற்கும். லேசாக இருந்து, ஆட்டினால் மின்னினால் பரவாயில்லை. எப்படித் திருப்பினாலும் கறுப்பாகவே நின்றால் வேண்டாம். சான்றிதழில் அது எழுதியிருக்காது.

மோதிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கல்லை 22 கேரட் தங்கத்தில் கட்டாதீர்கள். அது மெத்து, கல்லைப் பிடிக்கும் நகங்கள் புடவை நூலில் மாட்டி விரியும். 18 கேரட், அதாவது நூற்றுக்கு 75 பங்கு தங்கம், கெட்டியாகப் பிடிக்கும். இரண்டு கேரட் அளவுக் கல்லுக்கு நான்கு நகத்தைவிட ஆறு நகம் நிம்மதி. விரலில் தலை கனத்துச் சுற்றாமல் இருக்க வளையம் ரொம்ப மெலிதாகவும் இருக்கக்கூடாது. போட்ட பிறகு எண்ணெய்ப் பிசுக்கு அடியில் படிந்தால் எந்த வெட்டும் மங்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மெல்லிய பிரஷ். அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் வந்தபின் பெரிய கல் எல்லோருக்கும் எட்டுகிறது, அதனால் அளவே வென்றது என்றார் எதிரணியின் தம்பி. தம்பி, மூன்று கேரட் எல்லோர் விரலிலும் ஏறிவிட்டால், பக்கத்துப் பக்கத்துக் கையில் இருக்கும் இரண்டு மூன்று கேரட் கல்லை எதை வைத்துப் பிரிப்பது? வெட்டை வைத்துத்தான்.

நடுவர் மணியைத் தொடுகிறார், பார்த்துவிட்டேன். கடைசி வரிசைக்கு வருகிறேன். நாற்பது அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு 6.5 மி.மீ.க்கும் 7 மி.மீ.க்கும் வித்தியாசம் கண்ணில் படவே படாது. மணப்பெண் கையைத் திருப்பும்போது பளிச்சென்று ஒரு கீற்று அடிக்குமே, அது மட்டும்தான் அவர் வரைக்கும் போகும். எதிரணித் தலைவர் ஐயா, உங்கள் 1.20 கேரட் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு அந்தக் கடைசி வரிசைக்கே போய் நில்லுங்கள். அதிகம் கொடுத்த அந்த 15 சென்ட் எங்கே இருக்கிறது என்று அங்கிருப்பவரிடம் விரலைக் காட்டுங்கள், பார்க்கலாம். நன்றி, வணக்கம்.