கண்ணுக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு

(கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைப் பக்கம் ஓர் ஊர் நூலக ஆண்டு விழாவில் பேசியது)

மேடையில் இருக்கும் பெரியோர்களே, எதிரே அமர்ந்திருக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே, கடைசி வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'சட்டமும் அறமும் சமூகத்தை எப்படி உருவாக்குகின்றன' என்று தலைப்பு தந்திருக்கிறார்கள். பேராசிரியர்கள் பேச வேண்டிய தலைப்பு. நான் சொத்து வழக்கு பார்க்கிற சாதாரண வக்கீல். எந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தாலும், அதில் யாருக்கு எவ்வளவு மதிப்புப் போட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். மற்றதெல்லாம் அப்புறம்.

பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டக் கல் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆளுயரத்தைத் தாண்டிய கறுப்புக் கல். வயது 3,700 ஆண்டுக்கு மேல். 'கண்ணுக்குக் கண்' என்ற சட்டம் அதில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது மேல்தட்டுக்காரனின் கண்ணுக்கு மட்டும்தான். சாமானியன் ஒருவனின் கண்ணைக் கெடுத்தால் ஒரு மினா (அந்தக் கால எடையளவு) வெள்ளி கட்டிவிட்டுப் போகலாம். அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால் கொத்தனாருக்கு மரணம். வீட்டுக்காரரின் மகன் செத்தாலோ, கொத்தனாரின் மகனைக் கொல்ல வேண்டும். அந்தப் பையன் என்ன செய்தான் என்று கல்லில் ஒரு வரி கிடையாது. அப்பனுக்குச் சொந்தமான பொருள் அவன், அவ்வளவுதான்.

சூனியம் வைத்தான் என்று ஒருவன் மேல் பழி வந்தால் அவனை ஆற்றில் இறங்கச் சொல்வார்கள். ஆறு இழுத்துக்கொண்டால் குற்றவாளி, தப்பிக் கரையேறினால் நிரபராதி. கேட்டால் சிரிப்பு வருகிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் கைமுக்கு நடந்தது. பெண் விஷயத்தில் பழி வந்த நம்பூதிரி, கொதிக்கிற நெய்யில் கையை முக்க வேண்டும். கையைத் துணியில் கட்டிவைத்து, நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். வேகாமல் இருந்தால் குற்றமில்லை. அன்று நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில்தான், 19ஆம் நூற்றாண்டில், அதற்கு முடிவு வந்தது. பாபிலோனில் ஆறு, நம்மிடம் நெய்.

கைமுக்கை நிறுத்திய நல்ல மன்னர் என்று கைதட்டலாம். ஆனால் சாமித்தோப்பு அய்யா வைகுண்டரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்ததும் அதே மகாராஜாவின் அரசுதான். அய்யா என்ன பெரிய கலகம் செய்தார்? தலையில் துணி கட்ட உரிமை இல்லாதவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வாருங்கள் என்றார். எல்லாச் சாதிக்காரரையும் ஒரே கிணற்றில், முத்திரிக் கிணற்றில், தண்ணீர் எடுக்க வைத்தார். அவர் அரசாணை எதுவும் போடவில்லை. போட அவரிடம் அரசும் இல்லை. அந்த மன்னரின் ஆணைகளை இன்று ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். அய்யா சொன்ன தலைப்பாகையைப் பார்க்க அய்யா வழியினரின் வழிபாட்டு இடமான ஏதாவது ஒரு நிழல் தாங்கலுக்குப் போனால் போதும், இன்றும் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் போராடிய தோள்சீலைக் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் பாட்டிமாரின் பாட்டிமார் பட்டது அது. அடிதடி, தீவைப்பு எல்லாம் நடந்து, சென்னை கவர்னர் டிரெவிலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு விட்டது. மார்பை மறைத்துக்கொள்ளத் தடையில்லை என்றது. வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ஒரு வால் உண்டு. நாடார் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போடலாம், கடற்கரை முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் கூடாது! உரிமையையும் கொடுத்தாயிற்று, உனக்கு இவ்வளவுதான் என்று அளந்தும் காட்டியாயிற்று. சட்டம் படிக்கிற பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால், எந்த ஆணையையும் கடைசி வரிவரை படியுங்கள். விஷயம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 1916இல், கொல்லம் ஆண்டு 1092இல், திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு என்ன? மகனுடைய பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அதற்கு ஸ்திரீதனம் என்று பெயர். ஏற்கெனவே கொடுத்திருந்தால், ஏன், கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தாலே, அதோடு கணக்குத் தீர்ந்தது. நிலத்தின் விலை வருஷா வருஷம் ஏறும், 5,000 ஏறாது. ஒரு வேடிக்கை என்னவென்றால், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பங்கு வைக்கும் வழக்கம் உள்ள சில கிறிஸ்தவப் பிரிவினருக்கு அந்தச் சட்டமே விலக்குக் கொடுத்திருந்தது. சட்டம் வருவதற்கு முன்பே சரியாக நடந்துகொண்ட வீடுகள் இங்கே இருந்தன என்றுதானே அர்த்தம்?

1956 நவம்பர் 1ஆம் தேதி, பழைய திருவிதாங்கூரில் இருந்த நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை மாறியது, பழைய சட்டம் உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்ற சண்டை தொடர்ந்தது. கேரளப் பக்கத்துத் தீர்ப்பு உயிரோடு இருக்கிறது என்றது. 1970களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, அது 1951லேயே ரத்தாகிவிட்டது என்றது. ஆக, கொஞ்ச காலம் கேரளத்துப் பாறசாலையில் பிறந்த மகளுக்கு ஒரு கணக்கு, தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் பிறந்த மகளுக்கு வேறு கணக்கு. நடுவில் இருப்பது ஒரு செக்போஸ்ட். மேரி ராய் என்ற பெண்மணி தன் பங்குக்காக உச்ச நீதிமன்றம் போய், 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வாங்கினார். 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், மகனுக்கும் மகளுக்கும் சம பங்குதான் என்று முடிந்தது.

முடிந்ததா? சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் ஒரு நாள் நின்று பாருங்கள். இரண்டு அண்ணன்மார், ஒரு தங்கை. தங்கை கையில் பர்ஸ், முகத்தில் பவுடர், கல்யாண வீட்டுக்கு வந்தது போல இருப்பாள். பத்திரத்தில் 'சகோதரர்கள் மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று ஏற்கெனவே அடித்து வைத்திருப்பார்கள். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். கைரேகை வைப்பாள், போட்டோ எடுப்பார்கள், பதிவாளர் 'சம்மதம்தானே?' என்பார், தலையாட்டுவாள். திரும்பும்போது அண்ணன் டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பார். சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அவளை அங்கே கொண்டுவந்தது வேறு ஒரு சட்டம். 'பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடும்', 'நகை போட்டுத்தானே அனுப்பினோம்', 'ஊர் என்ன சொல்லும்' என்பதெல்லாம் அதன் பிரிவுகள். அதை எந்தச் சட்டசபையும் இயற்றவில்லை, எந்த நீதிமன்றமும் ரத்து செய்ய முடியாது. இதையும் அறம் என்றுதான் வீட்டில் சொல்லிக்கொள்கிறோம், அதில்தான் எனக்குக் கோபம். கிறிஸ்தவ வீடு, இந்து வீடு என்ற வித்தியாசமெல்லாம் இதில் நான் பார்த்ததில்லை. சில தங்கைமார் மனசாரவே எழுதிக் கொடுக்கிறார்கள், அதையும் மறுக்க மாட்டேன்.

'நீங்கள் என்ன செய்கிறீர்கள் சாரே?' என்று யாராவது கேட்பீர்கள். விடுதலைப் பத்திரம் எழுத வந்தால், அண்ணன்மாரை வெளித் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் மட்டும் பேசுவேன். அறிவுரை எல்லாம் கிடையாது. இத்தனை சென்ட், இன்றைய விலை இவ்வளவு, உங்கள் பங்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுப்பேன். பலர் அதைப் பார்த்த பிறகும் கையெழுத்துப் போடத்தான் செய்கிறார்கள். சிலர் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, 'அண்ணே, பிறகு பார்க்கலாம்' என்று எழுந்துவிடுகிறார்கள். அந்த அண்ணன்மார் அடுத்த முறை வேறு வக்கீலிடம் போகிறார்கள். பீஸ் போகிறதே என்று எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். வணக்கம்.