போஸ்டர்ல அந்த ஒன்பது பேரும் எங்க?

வணக்கம் மக்களே, மட்டக்களப்புக் கல்லடியில இருந்து நான்தான். பாலத்தடியில நிண்டு எடுக்கிறன், காத்துச் சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க. வாவி இறால் வீடியோட ரெண்டாம் பாகம் இண்டைக்கு எண்டு சொல்லியிருந்தன். அது அடுத்த கிழமை. இதைக் கதைக்காட்டி எனக்கு நித்திரை வராது.

சனிக்கிழமை இசை நிகழ்ச்சிக்குப் போனன். இந்தியாவில இருந்து வந்த பாடகர், உங்களுக்கே தெரியும் யாரெண்டு. அவரில எனக்கு ஒரு கோவமும் இல்ல. குரல் தங்கம். ரெண்டரை மணித்தியாலம் ஓயாமப் பாடினவர்.

ஆனா டிக்கட்! முதல்ல 2,500 எண்டு போட்டாங்க. அம்மாக்கும் எனக்கும் 5,000 எடுத்து வச்சிருந்தன். வாங்கப் போனா 2,500 முடிஞ்சுதாம், இனி 3,500தானாம். 7,000 ரூபா! பின்னேரம் நாலு மணிக்கு அந்தக் கடை வாசல்ல நிண்டு தங்கச்சிக்கு கோல் எடுத்து, மிச்சம் 2,000ம் அவள்ட்ட கடன் வாங்கி எடுத்தன். டிக்கட்ல கதிரை நம்பர் வேற அடிச்சிருக்கு. போய்ப் பாத்தா அந்த வரிசையில கதிரையே இல்ல. ஆரோ தூக்கி முன்னுக்குப் போட்டிட்டாங்க. "என்ன புள்ள இது, நம்மட கதிரை எங்க?" எண்டு அம்மா கேக்கிறா. அவக்கு முழங்கால் வருத்தம், பழைய வீடியோ பாத்தாக்களுக்குத் தெரியும். ஒரு தம்பி தன்ட கதிரையக் குடுத்தான். நான் மணல்லதான் இருந்தன். தம்பி, இதைப் பாத்தா ஒரு கொமென்ட் போடுங்க, அம்மா உங்களத் தேடுறா.

சரி, விசயத்துக்கு வாறன். போஸ்டர்ல அந்தப் பாடகர்ட படம் பாதி இடம். அவரோட வந்த ரெண்டு பேர்ட படம் மிச்சம். அடியில, ஸ்பொன்சர் ஆக்கள்ட படத்துக்கும் கீழ, "மற்றும் உள்ளூர்க் கலைஞர்கள்". அவ்வளவுதான். பேர் இல்ல. அந்த "மற்றும்" எண்ட சொல்லைப் பாத்த நேரம் தொடங்கின எரிச்சல் இது.

அந்த உள்ளூர்க் கலைஞர்கள் ஒன்பது பேர். ரெண்டு பொடியங்கள் ரெப் பாடினாங்க, அதுவும் எங்கட கதைப் பேச்சில, "எண்டு", "கிடக்கு" எல்லாம் அப்படியே வருது. ஒரு பிள்ளை எங்கட ஊர் வசந்தன் கூத்துப் பாட்டுமெட்டை எடுத்து கிட்டாரோட பாடினா. எனக்கு உடம்பு சிலிர்த்திட்டுது. இருபது நிமிசம் எண்டு சொல்லி எட்டு நிமிசத்தில மைக்கை வாங்கிட்டாங்க.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கதை. ஒன்பதரை மணி போல பாடகர் ஒரு பைலா எடுத்தார், எங்கட இலங்கை ஆட்டப்பாட்டு. மைதானமே எழும்பிட்டுது. அம்மா முழங்காலையும் மறந்து கையைத் தட்டுறா. முடிஞ்ச உடன அவர் சொல்றார், "உங்க ஊர்லயும் நம்ம குத்து செமயா வேலை செய்யுது." சனம் கைதட்டுது.

ஐயோ, அது குத்து இல்ல! பைலா எண்ட சொல்லே போர்த்துக்கேயப் பாசையில ஆடுறதுக்கான சொல்லில இருந்து வந்தது. அந்தத் தாளத்தை ஒண்டு ரெண்டு மூண்டு, ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு ஆறாகத்தான் எண்ணவேணும். போர்த்துக்கேயர் எங்கட கோட்டையக் கட்டினது 1628ல. பத்து வருசத்தில, 1638ல, ஒல்லாந்தர் பிடிச்சிட்டாங்க. ஆனா அந்தக் கலப்புப் போர்த்துக்கேயப் பாசையும் கப்ரிஞ்ஞா ஆட்டமும் அவங்கட வழிவந்த எங்கட ஊர்ப் பறங்கியர் வீடுகள்ல இண்டைக்கும் இருக்கு. ஆபிரிக்காவில இருந்து கொண்டுவந்த காப்பிரி ஆக்கள்ட தாளமும் அதில கலந்திருக்கு. பிறகு 1940கள்ல வொலி பெஸ்டியன் எண்ட பொலிஸ்காரர் சிங்களத்தில மேடை ஏத்தினவர். தமிழ்ல எங்கட ஏ. ஈ. மனோகரன் "சுராங்கனி"யப் பாடி இந்தியாவையே ஆட வச்சவர். 2018ல காலமாகிட்டார். அந்தப் பாட்டை சினிமாப் பாட்டெண்டு மட்டும் நினைக்கிற ஆக்கள் எங்கட ஊரிலயே இருக்கினம்.

பெரிய ஆள் பாடினாத் தாளம் பரவும். அதில எனக்குச் சந்தோசம்தான், பரவட்டும். பரவுற நேரம் முதல்ல விழுந்துபோறது பேர். அதுதான் என்ட பிரச்சினை. 2021ல "எஞ்சாய் எஞ்சாமி" எண்ட பாட்டு வந்தது ஞாபகம் இருக்கா? அறிவு எழுதிப் பாடினது, இலங்கைத் தோட்டத்தில வேலை செய்து திரும்பிப்போன தன்ட பாட்டிட கதையையும் வச்சு. அந்த வருசம் ஓகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா எண்ட இசைச் சஞ்சிகை அட்டையில அவரோட சேர்ந்து பாடின பாடகி தீயும், ரெப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தாங்க, அறிவு இல்ல. சினிமா இயக்குநர் பா. ரஞ்சித் எல்லாம் கேள்வி கேட்ட பிறகுதான் அவருக்குத் தனியா ஒரு அட்டை போட்டாங்க. ஷான் எங்கட யாழ்ப்பாணத்தில பிறந்த பிள்ளை, அவரில பிழை சொல்லல்ல. ஆனா கேட்டபடியால்தான் அந்த அட்டை வந்தது. அப்ப நாங்களும் கேக்கவேணும்.

நான் கேட்டன். நிகழ்ச்சி முடிஞ்சு பதினொரு மணிக்கு மேடைக்குப் பின்னால போனன். கையில பேனை இல்ல, போன்ல சார்ஜ் ஒரு வீதம். ஜெனரேட்டர் பாத்துக்கொண்டு நிண்ட ஐயாட்ட பேனை வாங்கி, டிக்கட்டுக்குப் பின்பக்கம் ஒன்பது பேர்ட பேரும் எழுதினன். எழுத்துப் பிழை வராம ஒவ்வொரு ஆளுட்டயும் காட்டிக் கேட்டன். ரெண்டு பேர்ட பேரைப் பிழையா எழுதி வெட்டித் திருத்தியிருக்கன், இந்தா பாருங்க. 3,500 ரூபா டிக்கட்டுக்கு இப்பதான் பெறுமதி வந்திருக்கு. ஒன்பது பேர்ட பேரும் இப்ப திரையில ஓடுது, அவங்கட சனல் எல்லாம் கீழ இருக்கு, போய்ப் பாருங்க.

ஆ, ஒண்டு மறந்திட்டன். பைலாவுக்கு வயலின் வாசிச்சவரும் அந்த ஒன்பதில ஒராள். வெளியில இருந்து வந்த குழுவில அந்தப் பிடி தெரிஞ்ச ஆள் இல்லையெண்டு கடைசி நேரம் இவரைத்தான் கூப்பிட்டிருக்காங்க. பறங்கியர் அங்கிள், தகப்பன்ட்ட பழகினவராம். மேடையில அவரை நோக்கி ஒரு லைற் கூட அடிக்கல்ல. ஞாயிற்றுக்கிழமை அவர்ட வீட்டுக்குப் போனன். பிளேன்ரீ குடிச்சு முடியமுதல் வயலினை எடுத்திட்டார். தாளத்துக்கு அவர்ட மனிசி றபான் அடிச்சா.

மூண்டு நிமிசம், வெட்டாமப் போடுறன். இடையில ஒரு நாய் குலைக்கும், அது அவங்கட வீட்டு நாய். கேளுங்க.