கள்ளக்காசுக்கும் ஒரு விலை உண்டு

(கீழக்கரையில் நாணயம் சேர்ப்போர் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நல்ல காசுகளைப் பற்றிப் பேச இங்கே ஆள் இருக்கிறது. நான் கள்ளக்காசுக்கு வக்கீலாக வந்திருக்கிறேன். "செல்லாத காசுக்கு என்னய்யா விலை?" என்று கேட்பீர்கள். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: அந்தக் காசு யாரை ஏமாற்றுவதற்காகச் செய்தது? அந்தக் காலத்துச் சந்தையையா, இந்தக் காலத்துச் சேகரிப்பாளரையா? விலை முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. அதையே செம்பில் அடித்து வெள்ளி முலாம் பூசினால், அதே அளவுக் காசு சுமார் 10 கிராம்தான் நிற்கும். செம்பு வெள்ளியைவிட லேசு. எடையைச் சரிக்கட்டினால் காசு தடித்துவிடும். ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்தாலோ, சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். நம் தாத்தாக்கள் ரூபாயைக் கல்லில் போட்டுப் பார்த்து வாங்கினார்களே, காரணம் இதுதான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வார்ப்புக் காசின் முகத்தில் ஊசிக்குத்து மாதிரிக் குழிகள் தெரியும். விளிம்பில் அரம் ஓடிய தடமும் இருக்கும்.

1940-இல் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். கூடவே, விளிம்பில் உள்ள பற்களுக்கு நடுவே ஒரு பள்ளமும் ஓடவிட்டார்கள். கள்ளக்காசு செய்பவனுக்கு வைத்த தடை அது. அந்தப் பள்ளம் போட்ட நல்ல ரூபாய் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை வைக்க வேண்டிய நிலைக்கு அரசைத் தள்ளிய கள்ள ரூபாய் எத்தனை வீட்டில் இருக்கிறது? பிடிபட்டதும் உருக்கியிருப்பார்கள், அல்லது தூக்கி எறிந்திருப்பார்கள். தப்பிப் பிழைத்ததைத்தான் சேகரிப்பாளன் தேடுகிறான். பொதுவாக நல்ல காசைவிட விலை குறைவுதான். ஆனால் நல்லது மலிந்து கிடக்கும் இடத்தில், அந்தக் காலத்துக் கள்ளக்காசு அதைத் தாண்டியும் போகும்.

ஸ்பெயின் கதை இன்னும் வேடிக்கை. 1860-களில் அந்நாட்டுத் தங்க நாணயங்களைக் கள்ளக்காசுக்காரர்கள் பிளாட்டினத்தில் அடித்து, மேலே தங்க முலாம் பூசிப் புழக்கத்தில் விட்டார்கள். பிளாட்டினம் அப்போது தங்கத்தைவிட மலிவு. கனத்திலும் தங்கத்துக்குக் குறையாது. பிற்காலத்தில் பிளாட்டினத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. ஏமாந்து வாங்கியவனின் பேரப்பிள்ளைகளுக்கு யோகம்!

சரி, நம் கரைக்கு வருவோம். வைகை கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம். 1980-களிலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. உரோமச் செப்புக் காசுகளும் கிடைத்தன. அந்த உரோமிலேயே செம்பை வெள்ளித் தகட்டில் பொதிந்து கள்ளக்காசு அடித்தவர்கள் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உரோமக் காசைப் பார்த்து உள்ளூரில் செய்தவையும் கிடைக்கின்றன. அவற்றில் சிலவற்றில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடும் புள்ளியும்தான். செதுக்கியவருக்கு இலத்தீன் தெரியாது. அரசன் தலையைப் பார்த்தார், சுற்றி ஏதோ கிறுக்கல் இருக்கிறது என்று அதையும் செதுக்கிவிட்டார். எனக்கு இதைவிடப் பிடித்த காசு கிடையாது. எல்லாம் ஏமாற்றச் செய்தவை என்றும் சொல்ல முடியாது. காது வைத்துக் கழுத்தில் கட்டிக்கொண்ட பொற்காசுகளும் அவற்றில் உண்டு.

அந்தக் காலத்தில் காசைச் சோதிக்க வண்ணக்கர் என்றே ஆட்கள் இருந்தார்கள். சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே வண்ணக்கன் என்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது. கள்ளக்காசு இல்லாத ஊரில் அவர்களுக்கு என்ன வேலை?

இனி கசப்பான பகுதி. ஒருபுறம் இராமர் பட்டாபிஷேகம், மறுபுறம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818. இங்கேயே சிலர் பூஜை அறையில் வைத்திருப்பீர்கள். கும்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. கம்பெனி வெளியிட்ட வராகன் என்ற பொற்காசில் சாமி உருவம் உண்டு. அது வேறு சங்கதி. இந்த அரை அணா எந்தச் சந்தையிலும் பணமாகப் புழங்கியதில்லை, அதனால் கள்ளக்காசு என்ற தகுதிகூட இதற்கு இல்லை. இதைத்தான் "இரிடியம் காசு, அரிசியை இழுக்கும்" என்று சொல்லி லட்சக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். அரிசியை இழுக்கிறதோ இல்லையோ, உங்கள் பணத்தை இழுத்துவிடும்.

கள்ளக்காசு சேர்ப்பவர்கள் உறையின் மேல் "போலி" என்று தெளிவாக எழுதி வையுங்கள். விற்கும்போதும் அதைச் சொல்லியே விற்க வேண்டும். அப்புறம், மண்ணைத் தோண்டும்போது பழைய காசு ஏதும் கிடைத்தால் வாட்ஸ்அப்பில் விலை கேட்காதீர்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மேசையில் இரண்டு தட்டு வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே தராசும் இருக்கிறது. எது நல்லது, எது கள்ளம் என்று நீங்களே நிறுத்துப் பார்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் முதலில் வரட்டும்.