ஈசியு போய்விட்டது என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. ஈசியு என்றால் காரின் இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி. "ஈசியு போயிடுச்சு, மாத்தணும்" என்று ஒரு மெக்கானிக் சொன்னதும் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும், ஏனென்றால் காரில் கையைக் கடிக்கிற பாகங்களில் அதுவும் ஒன்று. ஆனால் பெரும்பாலும் ஈசியு நன்றாகத்தான் இருக்கும். கோளாறு அதற்கு வருகிற கரண்டில் இருக்கும், எர்த்தில் இருக்கும், இல்லையென்றால் ஏதாவது ஒரு சென்சாரில் இருக்கும். இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்றுதான் இன்று காட்டப் போகிறேன்.

முதலில் சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் இன்ஜின் லைட் எரிய வேண்டும். எரியவே இல்லை, பெட்ரோல் பம்ப் ஓடும் அந்தச் சின்ன சத்தமும் கேட்கவில்லை, கோளாறைப் படிக்கச் செருகுகிற ஸ்கேனரில் இன்ஜின் பக்கமும் திறக்கவில்லை என்றால் ஈசியு விழித்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஃபியூஸையும், ஈசியுவுக்குக் கரண்ட் விடுகிற சுவிட்சான மெயின் ரிலேயையும் பாருங்கள். ஸ்கேனரே உயிர் பெறவில்லையா? அதைச் செருகுகிற 16 பின் சாக்கெட்டில் 16வது பின்னுக்கு எப்போதும் பேட்டரி கரண்ட் வர வேண்டும். பல வண்டிகளில் சிகரெட் லைட்டருக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ்தான், அது போயிருந்தால் இதுவும் போச்சு.

ஸ்கேனரில் பி0171 மாதிரி ஒரு கோட், அதாவது கோளாறு எண், வந்தால் பதற வேண்டாம். கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று ஈசியு கண்டுபிடித்துச் சொல்கிறது, அதாவது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பி0601, பி0605, பி0606 இந்த மூன்றும் வேறு ரகம். தன் மெமரியிலோ பிராசஸரிலோ தப்பு இருக்கிறது என்று ஈசியு தன்னைப் பற்றியே சொல்வது. அப்போதும் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, கோடை அழித்து, திரும்ப வருகிறதா என்று பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. அழிப்பதற்கு முன்னால் எல்லாக் கோடையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

அப்புறம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து சென்சார் கோட் ஒரே நேரத்தில் வரும். இங்கேதான் பலரும் ஈசியு மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். பல சென்சார்களுக்கு ஈசியு 5 வோல்ட் அனுப்புகிறது, அந்த ஒரே லைனில் பல சென்சார் தொங்கும், அதில் ஒன்று ஷார்ட் ஆனாலும் மற்றவையும் சேர்ந்து படுத்துவிடும். மல்டிமீட்டரை அந்த 5 வோல்ட் ஒயரில் வைத்துக்கொண்டு சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் கழற்றி, ஒயரிங்கும் சரியாக இருந்து, அப்போதும் வரவில்லை என்றால் ஈசியுவைச் சந்தேகப்படலாம்.

கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வருகிறேன், இந்த எர்த் போல்ட்டைப் பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கிறது, ஆனால் ஒயர் முனையில் இருக்கிற வளையமான லக்குக்கு அடியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. இதை ஓம்ஸில் வைத்து அளந்தால் சரி என்றுதான் காட்டும், லோடு ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை ஈசியுவின் எர்த் ஒயரிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. இங்கே 0.7 ஏறுகிறது பாருங்கள். இப்படி ஒரு எர்த்தை வைத்துக்கொண்டு புது ஈசியு போட்டாலும் அதே தொல்லைதான் வரும்.

நிஜமாகவே ஈசியு கெடுவதும் உண்டு. உள்ளே தண்ணீர் இறங்கினால், ஜம்ப் கேபிளைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால், சூட்டிலும் அதிர்விலும் போர்டில் சால்டர் பற்றவைப்பு விட்டுப்போனால் கெடும். சால்டர் விஷயத்தில் ஒரு அடையாளம், வண்டி சூடானதும் நின்றுவிடும், ஆறினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஆனால் இன்ஜின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்கிற கிராங்க் சென்சார் கெட்டாலும் இதேதான் நடக்கும், அதனால் அதை முதலில் பாருங்கள். இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகி ஈசியுவுக்குள் அந்தக் காயிலை இயக்குகிற டிரைவர் சர்க்யூட்டை எரித்துவிடுவதும் நடக்கும், அப்போது காயிலை மாற்றாமல் புதுப் பெட்டியை மட்டும் மாட்டினால் அதுவும் எரியும்.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஈசியு வாங்குவதாக இருந்தால், பார்ட் நம்பர் அச்சாகப் பொருந்தினாலும் சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக விடாத இம்மொபிலைசர் இருக்கிற வண்டியில் சாவியோடு கோடிங் செய்யாமல் ஸ்டார்ட் ஆகாது. போர்டு ரிப்பேர் செய்பவர் யாராவது கிடைத்தால் நம்முடைய பெட்டியையே கொடுத்துப் பாருங்கள், சாவித் தகவல் அதில் அப்படியே இருக்கும். புதிதாகவே மாற்றினாலும் பழைய பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், கோடிங் சொதப்பினால் அதில் இருக்கிற தகவலைத்தான் தேட வேண்டிவரும்.