நாமா, நாங்களா?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

செய்திப் பிரிவில் மொழிபெயர்ப்பாளனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஆங்கிலத்தில் வரும் செய்தியைத் தமிழாக்கி, வாசிப்பவர் கையில் கொடுக்க வேண்டும். அந்த வேலையில் என்னை அதிகம் திணற வைத்த சொல், பொருளாதாரச் சொல்லோ சட்டச் சொல்லோ இல்லை. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் எழுதும் 'வீ' என்ற சொல்தான்.

தமிழில் அதற்கு இரண்டு சொற்கள். 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. கல்யாண வீட்டில் "நாம் சாப்பிடப் போகலாம்" என்று ஒருவர் சொன்னால் கூடவே எழுந்து போவோம். "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்றால் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிடுவோம். பேசப் பழகும் குழந்தைக்குக்கூட இந்த வித்தியாசம் பிடிபட்டுவிடும். ஆங்கிலத்தில் இது கிடையாது. சிங்களத்து 'அபி'யிலும் கிடையாது.

நாடு நெருக்கடியில் இருக்கும்போது ஜனாதிபதி பேசுகிற உரையில் இந்தச் சொல் பத்து இருபது இடங்களில் வரும். ஒவ்வொரு இடத்திலும் நான் நின்று முடிவு செய்ய வேண்டும். இவர் யாரைச் சேர்த்துக்கொண்டு பேசுகிறார்? யாரை விட்டுவிட்டார்? பேசியவர் அதை யோசித்திருக்கவே மாட்டார். மொழிபெயர்ப்பவன் யோசிக்காமல் இருக்க முடியாது.

எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர் தப்பிக்க ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். "சொல்லையே விட்டுவிடு தம்பி. போராடுவோம், வெல்வோம் என்று எழுது. வினையிலேயே 'ஓம்' இருக்கிறது, போதும்." பல நாள் அப்படித்தான் ஒப்பேற்றினேன். ஆனால் உடைமை வந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். நம் நாடா, எங்கள் நாடா? நம் பிள்ளைகளா, எங்கள் பிள்ளைகளா? எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும். அந்தச் சொல் ஒன்றை வைத்துக்கொண்டு சில உரைகளை உங்களோடு சேர்ந்து கேட்டுப் பார்க்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில், இதே போல வானொலியில் பேசப்பட்ட ஓர் உரை. 1933 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டனில் இரவு பத்து மணி. அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பதவியேற்று எட்டு நாள்தான் ஆகியிருந்தது. நாட்டில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூழ்கியிருந்தன. வங்கியில் போட்ட பணத்துக்கு அரசுக் காப்பீடு என்பதே அப்போது கிடையாது. வங்கி போனால் பணம் போனது, அவ்வளவுதான். மிஞ்சியதையாவது எடுத்துவிடலாம் என்று மக்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையே நல்ல வங்கிகளையும் சாய்த்தது. ரூஸ்வெல்ட் மார்ச் 6 அன்று நாடு முழுக்க வங்கிகளை மூட உத்தரவிட்டார். 9ஆம் தேதி நாடாளுமன்றம் ஒரே நாளில் அவசரச் சட்டம் நிறைவேற்றியது. உரைக்கு மறுநாள், திங்கட்கிழமை முதல் வங்கிகள் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். திறந்ததும் கூட்டம் மறுபடி பணத்தை எடுக்க ஓடினால் எல்லாம் முடிந்தது.

அந்த இரவில் அவர் பேசியது கால் மணி நேரத்துக்கும் குறைவு. "நண்பர்களே" என்று தொடங்கி, வங்கி எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர், தெரியாமல் பணம் போட்டு எடுப்பவர்களே பெரும்பாலோர், அந்தப் பெரும்பாலோரோடு பேச வந்திருக்கிறேன் என்றார். அப்புறம் பாடம் நடத்தினார். நீங்கள் போடும் பணத்தை வங்கி இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் பத்திரமாகவும் வெளியே விடுகிறது, தொழிலும் விவசாயமும் அதில்தான் ஓடுகின்றன, அதனால்தான் எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது என்று, ஒரு வாத்தியார் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். குரலை எங்கேயும் உயர்த்தவில்லை.

திறந்த வங்கியில் பணத்தை வைப்பது மெத்தைக்கு அடியில் வைப்பதைவிடப் பத்திரம் என்று ஒரு வரி அதில் வரும். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அரிசிப் பானைக்குள் கைவிட்டு ரூபாய்ச் சுருளை எடுக்கும் என் அம்மா ஞாபகத்துக்கு வருவாள். எங்கேயோ வெள்ளை மாளிகையில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர், தன் ஊர் அம்மாக்கள் பணத்தை எங்கே ஒளித்து வைப்பார்கள் என்று தெரிந்துவைத்துப் பேசியிருக்கிறார்.

எனக்கு அந்த உரையில் மிகவும் பிடித்தது வேறு இரண்டு இடங்கள். வங்கிக்காரர்களில் சிலர் திறமையில்லாதவர்களாகவோ நேர்மையில்லாதவர்களாகவோ நடந்துகொண்டார்கள் என்று அவர் ஒளிக்காமல் சொல்கிறார். சொல்லும்போது "நம் வங்கிக்காரர்கள்" என்கிறார். வேறு யார் மேலோ பழியைத் தூக்கிப் போடவில்லை. இன்னொரு இடத்தில், எல்லா வங்கியும் திறக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, யாருக்கும் நஷ்டமே வராது என்றும் சொல்லவில்லை, தவிர்க்கக்கூடிய நஷ்டம் எதுவும் வராது என்றுதான் சொல்கிறேன் என்கிறார். பயந்துபோன மக்களிடம் போய் இவ்வளவு நேராகப் பேச நெஞ்சுரம் வேண்டும்.

முடிக்கும்போது, இந்தப் பிரச்சினை எனக்கு எவ்வளவு சொந்தமோ அதில் கொஞ்சமும் குறையாமல் உங்களுக்கும் சொந்தம், சேர்ந்து நின்றால் தோற்க மாட்டோம் என்றார். இங்கே மொழிபெயர்ப்பவனுக்குத் திணறலே இல்லை. 'நாம்' என்று பேனா தானாக எழுதும். மறுநாள் வங்கிகள் திறந்தபோதும் மக்கள் வரிசையில் நின்றார்கள், எடுத்த பணத்தைத் திரும்பக் கட்டுவதற்கு. மார்ச் 15 அன்று பங்குச்சந்தை திறந்தபோது டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறியது. பேச்சு மட்டும் இதைச் செய்யவில்லை, பின்னால் சட்டம் இருந்தது. ஆனால் சட்டத்தை நம்ப வைத்தது பேச்சு.

இதே மனிதர்தான் 1942 பிப்ரவரி 23 அன்று, எல்லோரும் உலக வரைபடத்தை எடுத்து முன்னால் விரித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, போர் எங்கெங்கே எப்படி நடக்கிறது என்று வானொலியில் விளக்கினார். அந்த உரையும் அழகானது. ஆனால் அதற்கு நான்கு நாள் முன்னால், 19ஆம் தேதி, அவர் வேறொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த உத்தரவை வைத்து மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீட்டைவிட்டுக் கிளப்பி முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். 1933இல் பணத்தைத் திரும்பக் கட்ட வரிசையில் நின்றவர்களில் அவர்களும் இருந்திருப்பார்கள். அவ்வளவு பெரிய 'நாம்' அவர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டது. அந்தத் தவறுக்கு நாடு மன்னிப்புக் கேட்கும் சட்டம் 1988இல்தான் வந்தது.

சரி, இப்போது நமக்குப் பக்கத்தில் உள்ள கடலைத் தாண்டி இலங்கைக்குப் போவோம். இதைப் பேசாமல் இந்த உரையை முடிக்க என் மனம் ஒப்பவில்லை.

1983 ஜூலை. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 23ஆம் தேதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 ராணுவ வீரர்கள் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். 24ஆம் தேதி இரவு கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரியத் தொடங்கின. 25ஆம் தேதி வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் 35 பேர் கொல்லப்பட்டார்கள். 27ஆம் தேதி அதே சிறையில் மறுபடியும் கொலைகள். டெலிபிரிண்டரில் செய்தி வந்துகொண்டே இருந்தது. கைநடுங்க எழுதிக்கொண்டே இருந்தோம். அந்த நாட்டின் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனா இன்னும் மக்களிடம் பேசவில்லை. இன்று பேசுவார், இன்று பேசுவார் என்று காத்திருந்தோம்.

28ஆம் தேதி பேசினார். ரத்மலானை விமான நிலையத்திலும் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் உடுத்திய துணியோடு உட்கார்ந்திருந்த நேரம் அது. அவர்களுக்கு ஆறுதலாக ஒரு சொல், ஒரே ஒரு சொல், அந்த உரையில் இல்லை. நடந்ததற்குக் காரணம் பிரிவினை இயக்கத்தின் மேல் சிங்கள மக்களுக்கு இருந்த கோபம் என்ற பொருளில் பேசினார். சிங்கள மக்களின் உணர்வுக்கும் குரலுக்கும் செவிசாய்க்கும் நேரம் வந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். பிரிவினை கேட்பதைத் தடை செய்ய சட்டம் வரும் என்று அறிவித்தார்.

வீடு எரிந்து நிற்பவனிடம் ஊர்ப் பெரியவர் வந்து, தீ வைத்தவனின் மனவருத்தத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அதற்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் பலரோடு பழகியிருக்கிறேன். அடிபட்டதைச் சொல்லும்போது அழாதவர்கள், இந்த உரையைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று அவர் சொன்ன ஒவ்வொரு 'வீ'யும் தமிழில் 'நாங்கள்' ஆகத்தான் வரும். 'நாம்' என்று எழுதினால் அது பொய்.

மறுநாள் 29ஆம் தேதி கொழும்பில் மறுபடியும் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் அந்தச் சட்டம் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தமாக வந்தது. அதன்படி உறுதிமொழி எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். நாட்டைப் பிரிக்கக் கூடாது என்பதற்காகப் பேசிய உரை, கேட்டுக்கொண்டிருந்தவர்களை அந்த நிமிடமே பிரித்துவிட்டது. கறுப்பு ஜூலைக்காக ஒரு ஜனாதிபதி வாய்திறந்து மன்னிப்புக் கேட்க 21 ஆண்டுகள் ஆயின. 2004இல் சந்திரிகா குமாரதுங்க கேட்டார்.

'நாங்கள்' என்றாலே தள்ளிவைக்கும் சொல் என்று நான் சொல்லவில்லை. அது மிகுந்த மரியாதையோடு வரும் இடமும் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 விநாடியில் வெடித்துச் சிதறியது. உள்ளே ஏழு பேர். அவர்களில் கிறிஸ்டா மெக்காலிஃப் பள்ளி ஆசிரியை. அதனாலேயே பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை உட்கார வைத்து நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று இரவு நாடாளுமன்றத்தில் பேசவிருந்த ஆண்டு உரையைத் தள்ளிவைத்துவிட்டு ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் மாலை ஐந்து மணிக்குத் தொலைக்காட்சியில் வந்தார். நமக்கு அது 29ஆம் தேதி அதிகாலை மூன்றரை மணி. காலைச் செய்திக்கு நான் பணியில் இருந்தேன்.

நான்கு நிமிடம்தான் பேசினார். அதற்குள், பார்த்துக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று தனியாகத் திரும்பி, புரிந்துகொள்வது கஷ்டம்தான், சில சமயம் இப்படி வேதனையானவை நடந்துவிடுகின்றன என்றார். இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் பேசும்போது, இந்தத் துயரத்தின் முழுப் பாரத்தை உங்களைப் போல எங்களால் சுமக்க முடியாது என்றார். அதை எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. 'நம்மால்' என்று போட்டால் வாக்கியமே நிற்காது. நான் உங்கள் இடத்தில் இல்லை, இருப்பதாகப் பாவனை செய்யவும் மாட்டேன் என்று ஒதுங்கி நிற்கும் 'எங்களால்' அது. இழவு வீட்டுக்குப் போனால் நாமும் வாசலில் அப்படித்தான் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறோம்.

கடைசியாக ஒன்று. இது வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை, எனக்காகவே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். 2022 பிப்ரவரி 25, இரவு, கீவ் நகரம். ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்து இரண்டாம் நாள். ஜனாதிபதி ஜெலென்ஸ்கி ஓடிவிட்டார் என்று வதந்தி. அவர் தன் அலுவலகக் கட்டடத்துக்கு வெளியே தெருவில் நின்று, கைப்பேசியில் தானே படம் பிடித்தபடி பேசினார். பின்னால் நான்கு பேர். மேடை இல்லை, கொடி இல்லை, எழுதிவைத்த காகிதம் இல்லை. அரை நிமிடம் இருக்கும்.

எல்லோருக்கும் மாலை வணக்கம் என்றார். நாடாளுமன்றக் கட்சிக் குழுத் தலைவர் இங்கே, அலுவலகத் தலைவர் இங்கே, பிரதமர் இங்கே, ஆலோசகர் இங்கே என்று பக்கத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகச் சொல்லி, ஜனாதிபதி இங்கே என்று முடித்து, மூன்று சொல் சேர்த்தார். "மி விசி தூத்." எல்லோரும் இங்கே இருக்கிறோம். அந்த ஐந்து பேர்தான் அது. வீட்டுக்குள் பயந்து உட்கார்ந்திருப்பவனுக்கு, பொறுப்பில் உள்ளவர்கள் போய்விடவில்லை என்று சொல்வது. "நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம்" என்று எழுதினேன்.

அவர் நிறுத்தவில்லை. நம் வீரர்கள் இங்கே, குடிமக்கள் இங்கே என்று தொடர்ந்துவிட்டு, அதே மூன்று சொல்லை இரண்டாவது முறையாகச் சொன்னார். அவர் மொழியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நான் நோட்டில் முதல் வரியைப் பார்த்தேன். இந்த முறை அதே மாதிரி எழுத முடியாது என்று தெரிந்தது. அதற்குக் கீழே எழுதினேன்: "நாம் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம்."

வணக்கம்.