கத்துவதற்கு முந்தைய ஐந்து நிமிடம்

வணக்கம். தலைப்பைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் பேரப்பிள்ளைக்காகவும் மீதிப் பேர் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகவும் வந்திருப்பதாக ஏற்பாட்டாளர் சொன்னார். தன் பிள்ளைக்காக என்று ஒருவரும் சொல்லவில்லையாம். பரவாயில்லை. யாருக்காக வந்திருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "இவன் ஏன் இப்படிப் பண்றான்?" அவன் கத்தினான், சரி. கத்துவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது? ஆட்டிசம், அதாவது பேசுவதிலும் பழகுவதிலும் சிரமம் தரும் வளர்ச்சி வேறுபாடு, உள்ள பிள்ளைகளின் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இன்று நான் பெரும்பாலும் பேசப்போகிறேன்.

நான்கு வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலில் சமர்த்தாக வருகிறான், நிலையங்களின் பெயரை வரிசையாக ஒப்பிக்கிறான். உணவங்காடி நிலையத்துக்குள் நுழைந்ததும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுகிறான். நமக்கு அது சாப்பிடும் இடம். அவனுக்கோ தட்டுகள் மோதும் சத்தம், தலைக்கு மேல் மின்விசிறி, சாத்தே புகை, கோப்பிக் கடைக்காரர் போடும் குரல், முதுகில் உரசிப் போகும் ஆள் எல்லாம் ஒரே அளவு பலத்தில் வந்து விழுகின்றன. போதாக்குறைக்குக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம். ஒலி, ஒளி, தொடுகை போன்றவை அளவுக்கு மீறித் தாக்குவதும், சில பிள்ளைகளுக்கு உறைக்காமலே போவதும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு சேர்த்துக்கொண்டது. பெற்றோருக்கு அது அதற்கு வெகு முன்பே தெரியும்.

அடம் பிடிக்கும் பிள்ளையும் தரையில் விழுவான். ஆனால் நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வான். கேட்ட பொம்மை கைக்கு வந்தால் அழுகை நின்றுவிடும். தாங்க முடியாமல் உடைந்துபோன பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் நிற்காது. அந்த நேரத்தில் பாடம் நடத்தாதீர்கள், "ஏன் இப்படிப் பண்றே" என்று கேட்காதீர்கள். பேச்சைக் குறைத்து, சத்தமில்லாத இடத்துக்கு அழைத்துப் போய்க் காத்திருங்கள். பக்கத்து மேசை ஆன்ட்டி ஏதாவது சொல்வார். சொல்லட்டும்.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், அதன் பிறகு நாம் என்ன செய்தோம். மூன்றாவதைத்தான் யாரும் எழுதுவதில்லை. ஒரு பாலர் பள்ளியில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பாடும் நேரத்தில் ஒருவன் பக்கத்துப் பிள்ளையை அடிக்கிறான் என்று வையுங்கள். ஆசிரியர் அவனைத் தண்டனையாகத் தனியே ஒரு மூலைக்கு அனுப்புகிறார். அங்கே மீன்தொட்டி இருக்கிறது, அமைதியாகவும் இருக்கிறது. அவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அடித்தால் அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கலாம் என்று நாமே கற்றுக் கொடுத்திருக்கிறோம். இதற்கு மாற்று, "எனக்கு ஓய்வு வேண்டும்" என்பதற்கு ஒரு பட அட்டையைக் கொடுத்து, அடிப்பதற்கு முன்னால் அதைக் காட்டப் பழக்குவது. காட்டிய உடனே அனுப்பிவிட வேண்டும். முதல் வாரத்திலேயே "இன்னும் ரெண்டு பாட்டு இருடா" என்று பேரம் பேசினால் அட்டையின் மேல் அவனுக்கு நம்பிக்கை போய்விடும்.

பேச்சு வராத பிள்ளை திடீரென்று தலையை முட்டிக்கொள்ள ஆரம்பித்தால், எதையும் ஆராய்வதற்கு முன் பல், காது, வயிறு மூன்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சொத்தைப் பல் வலிப்பதைச் சொல்லத் தெரியாமல் அடுத்தவரைக் கடிக்கும் பிள்ளைகள் உண்டு. மலச்சிக்கலும் தூக்கமின்மையும் இவர்களிடம் அதிகம். வலிப்பு நோயும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகக் காணப்படுகிறது.

கத்தாத பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆட்டிசம் உள்ள சிறுவர்களிலும் பதின்ம வயதினரிலும் ஏறக்குறைய 40 விழுக்காட்டினருக்குப் பதற்றக் கோளாறு ஒன்றும் சேர்ந்தே இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அவர்களைப் போலவே நடந்துகொள்வார்கள். பள்ளியில் தங்கம். வீட்டுக் கதவைத் திறந்ததும் காலணியை வீசி எறிந்து அழுகை. "பள்ளியில் நல்லாத்தானே இருக்கா" என்று ஆசிரியர் சொல்வதும் உண்மை, அம்மா சொல்வதும் உண்மை. நாள் முழுக்க அடக்கி வைத்தது எங்காவது கொட்டத்தானே வேண்டும்?

எல்லாமே ஆட்டிசம் என்றும் நினைத்துவிட வேண்டாம். காது மந்தமாக இருந்தால் கூப்பிட்டதற்குத் திரும்ப மாட்டான். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் தனியாகவும் வரும், ஆட்டிசத்தோடு சேர்ந்தும் வரும். மனச்சோர்வு உள்ள சிறுவர்கள் சோகமாக இருப்பதற்குப் பதிலாக எரிந்து விழுவதும் உண்டு. பள்ளிப் பிள்ளை என்றால் பள்ளி ஆலோசகரிடம் தொடங்கலாம். மனநலக் கழகத்தின் 'ரீச்' என்ற குழு 2007 முதல் பள்ளிகளோடு சேர்ந்து, மனநலப் பிரச்சினை உள்ள மாணவர்களுக்கு உதவிவருகிறது.

நம் குடும்பங்களில் இதற்குள் வேறொரு விசாரணை நடந்து முடிந்திருக்கும். "அம்மா வேலைக்குப் போறா, பணிப்பெண் வளர்க்கிறா, கையில ஐபேட், வேறென்ன ஆகும்?" கல்யாண வீட்டில் பந்திக்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். மேற்கில் 1950களிலும் 60களிலும் மருத்துவர்களே தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தந்தை, 1964இல் அதை மறுத்து எழுதினார். இது மூளை வளர்ச்சியோடு வருவது, மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தடுப்பூசியால் வந்தது என்று 1998இல் கிளப்பிவிட்ட கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஐபேட் ஆட்டிசத்தைக் கொண்டுவராது. பேசவேண்டிய நேரத்தைத் தின்றுவிடும், அது வேறு கதை. கோயிலுக்குப் போவதில் எனக்கு மறுப்பில்லை. உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறேன், ஆக்சிஜன் அறையில் படுக்க வைக்கிறேன் என்று பணம் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள். உலோகம் எடுக்கும் மருந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

அடுத்து, தமிழ். "பிள்ளை குழம்பிவிடுவான், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்று நல்ல எண்ணத்தோடு சொல்பவர்கள் நிறையப் பேர். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் அதனால் மேலும் பின்தங்குவதாக இதுவரை வந்த ஆய்வுகள் காட்டவில்லை. தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்கு வாங்குவது பள்ளி சம்பந்தப்பட்ட முடிவு. சில பிள்ளைகளுக்கு அது தேவையாகவும் இருக்கும். வீட்டுப் பேச்சு அப்படியில்லை. பகலெல்லாம் பிள்ளையோடு இருக்கும் பாட்டிக்குத் தமிழ்தான் சரளம். அவரிடமிருந்து தமிழை எடுத்துவிட்டால், அவர் உடைந்த ஆங்கிலத்தில் "கம், சிட், ஈட்" என்று மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்வார். நிலாவும் காக்காவும் போய்விடும், "யாரு வந்திருக்கா பாரு" போய்விடும். பேச்சே சிரமமாக இருக்கும் ஒரு பிள்ளைக்கு, கேட்கிற பேச்சையும் குறைத்ததுதான் மிச்சம். பட அட்டையின் கீழே 'தண்ணீர்' என்று தமிழிலும் எழுதி ஒட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். "அவன் மாமாவும் லேட்டாத்தான் பேசினான்" என்ற வாதம் ஓராண்டைத் தின்றுவிடும். பிள்ளை பிறந்தபோது கொடுத்த சுகாதாரக் கையேட்டில் வயதுவாரியாக வளர்ச்சிப் பட்டியல் இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரை வாங்கினால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். அதன்பின் சிறு வயதினருக்கு 'எய்பிக்' என்ற ஆரம்பக்காலப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. பள்ளி வயதில் சிலர் வழக்கமான பள்ளிக்குப் போவார்கள். சிலருக்கு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக 2004இல் தொடங்கிய பாத்லைட் போன்ற பள்ளிகள் பொருந்தும். 2019 முதல் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும், கைப்பேசியில் எடுத்த காணொளியையும் கொண்டு போங்கள். அறைக்குள் பிள்ளை பெரும்பாலும் அமைதியாக உட்கார்ந்துவிடுவான், நீங்கள்தான் பொய் சொல்கிறவர் போல ஆகிவிடுவீர்கள். முடிந்தால் பாட்டியையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அவரிடம்தான் இருக்கும்.

சரி, இப்போது உங்கள் கேள்விகள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் கேட்கலாம்.