கடிக்குமா என்று கேட்பதற்கு முன்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தோட்டத்தில் ஒரு பூச்சியைச் சுட்டிக்காட்டினால் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "இது கடிக்குமா?" என்றுதான். கேட்காதவர் அதற்குள் செருப்பைக் கழற்றியிருப்பார். அந்தக் கேள்வியில் குற்றமில்லை. கடிக்கிறவையும் கொட்டுகிறவையும் இருக்கத்தான் செய்கின்றன. பூரானிடம் விரலை நீட்டச் சொல்ல நான் இங்கே வரவில்லை. கொஞ்சம் விவரமானவர் என்றால், "இதனால் என்ன பயன்?" என்று அடுத்ததாகக் கேட்பார். என் சண்டை அந்தக் கேள்வியோடுதான். நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்று பிரிப்பது விவசாயிக்கு அவசியம். வேடிக்கை பார்க்க வந்தவருக்கு அந்தக் கணக்கு எதற்கு? நான் கேட்கச் சொல்வது ஒன்றே ஒன்று: இது இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது?

செடியின் சாற்றை உறிஞ்சிக் கெட்ட பெயர் எடுத்த குட்டிப் பூச்சியான அசுவினியையே எடுத்துக்கொள்வோம். இளந்தளிரின் தண்டில் பச்சையாகவோ கறுப்பாகவோ அப்பிக்கிடக்கும். கண்டவுடன் கை மருந்துப் புட்டியைத் தேடுகிறது. அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டுவிட்டு, அந்த ஒரு தண்டை மட்டும் உற்றுப் பாருங்கள். கொழுத்த அசுவினி ஒன்றின் பின்புறத்திலிருந்து ஒரு குட்டி மெல்ல வெளியே வரும். ஆமாம், முட்டையில்லை, குட்டிதான். ஆணின் துணையே இல்லாமல் பெண் அசுவினிகள் பெண்களைப் பெற்றுத் தள்ளுகின்றன. அதைவிட வியப்பு, தாயின் வயிற்றில் இருக்கும் மகளின் வயிற்றிலேயே பேத்தியும் வளரத் தொடங்கியிருக்கும். பிறப்பதற்கு முன்பே சூலுற்ற குழந்தை! நேற்று நாலைந்தாக இருந்தவை இன்று தண்டையே மூடிவிட்டன என்று நாம் புலம்புவதன் ரகசியம் இதுதான்.

இன்னும் எழுந்துபோய்விடாதீர்கள். தண்டில் எறும்புகள் ஏறுகின்றன. எறும்பு தன் உணர்கொம்புகளால் அசுவினியைத் தட்டிக்கொடுக்கிறது, அசுவினி ஒரு சொட்டு இனிப்பு நீரை வெளிவிடுகிறது, எறும்பு குடிக்கிறது. பதிலுக்குக் காவல் வேலை. பொறிவண்டு வந்தால் எறும்பு விரட்டியடிக்கும். பொறிவண்டை நமக்குத் தெரியும், அழகான சிவப்பு ஓடு, கறுப்புப் புள்ளிகள். அதன் இளம்புழுவைத் தெரியாது. கருத்து, நீண்டு, முதுகெல்லாம் முடிச்சுகளோடு இருக்கும். செடியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, அசுவினியைத் தின்ன வந்த அதையே நசுக்குகிறோம். அதே தண்டில் காலும் இல்லாத, கண்ணும் இல்லாத ஒரு சின்னப் புழு தலையை இருபக்கமும் வீசித் துழாவும். ஏதாவது அசுவினி தட்டுப்பட்டால் அப்படியே தூக்கிப் பிடித்து உறிஞ்சிவிட்டுத் தோலைப் போட்டுவிடும். அது பூக்களின் மேல் அந்தரத்தில் நிற்குமே, அந்த மலர் ஈயின் பிள்ளை.

கூட்டத்தின் நடுவே சில அசுவினிகள் மட்டும் அசையாமல், உப்பி, வெளிறிய பழுப்பு நிறத்தில் இருப்பதையும் கவனியுங்கள். அவை வெறும் கூடுகள். எறும்பைவிடச் சிறிய ஒரு குளவி உள்ளே முட்டையிட்டுப் போயிருக்கிறது. அதன் பிள்ளை அசுவினியை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வட்டமாக ஒரு ஓட்டை போட்டு வெளியேறும். எவ்வளவு வட்டம் என்றால், காம்பஸ் வைத்து வரைந்ததுபோல. ஒரு விரல் நீளத் தண்டில் பிறப்பு, வியாபாரம், காவல், கொலை எல்லாம் நடக்கிறது. நாம் அதற்கு வைத்த பெயர் 'பூச்சி விழுந்திருக்கிறது'.

எறும்பைப் பற்றிச் சொன்னேன். எறும்பு என்று நீங்கள் நினைப்பதெல்லாம் எறும்பும் அல்ல. இலைமேல் ஓடும் எறும்புகளில் ஏதாவது ஒன்று ஓடி ஓடி நின்று, சட்டென்று உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தால், குனிந்து கால்களை எண்ணுங்கள். எட்டு இருக்கும். எறும்பு வேடமிட்ட சிலந்தி அது. முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி ஆட்டி உணர்கொம்புபோலக் காட்டும். எறும்பைத் தின்னப் பலவற்றுக்கு விருப்பமில்லை, அதனால் இந்த வேடம். விரலைக் கிட்டே கொண்டுபோனால் இலை விளிம்பிலிருந்து நூல் விட்டு இறங்கும். எறும்புக்கு ஏது நூல்? அங்கே குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.

மழை படாத பொடிமணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழியானையைத் தேடிப் பிடித்த பிள்ளைப் பருவம் உங்களில் பலருக்கு இருந்திருக்கும். அது பின்பக்கமாகவே நடக்கும் என்பது தெரியும். அந்தக் குழியின் சரிவு, மணல் சரியாமல் நிற்கக்கூடிய எல்லையிலேயே நிற்கிறது. கால் வைத்த எறும்பு தானாகவே சறுக்கும். எறும்பு ஏற முயன்றால் குழியானை கீழிருந்து மணலை வாரி இறைத்துச் சரிவைக் குலைக்கும். ஒன்றை மட்டும் பிள்ளைகள் கவனிப்பதில்லை. வளர்ந்தபின் குழியானை தட்டானைப்போன்ற சிறகுள்ள பூச்சியாகி, இருட்டியபின் பறக்கும்.

இதெல்லாம் காட்டில்தானே என்பார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற விலங்கியலாளர் 1972 முதல் 30 ஆண்டுகள் தம் வீட்டுத் தோட்டத்தில் கண்டதையெல்லாம் குறித்துவந்தார். செடிகொடிகளும் சேர்த்து மொத்தம் 2,673 இனங்கள். அவற்றில் 1,997 பூச்சிகள். சாதாரண வீட்டுத் தோட்டம் அது.

சார்லஸ் டார்வின் கடைசிக் காலத்தில் மண்புழுக்களோடு காலம் கழித்தார். அவற்றுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க விசில் ஊதச் செய்தார், ஊதுகுழல் வாசிக்க வைத்தார், கத்திப் பார்த்தார். புழுக்கள் கண்டுகொள்ளவே இல்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் வளைக்குள் ஓடின. அதிர்வு தெரிகிறது, ஓசை தெரியவில்லை. 1881இல் மண்புழுக்களைப் பற்றிய தம் நூலில் இதையும் சேர்த்து அச்சிட்டார். உலகப் புகழ் பெற்ற எழுபது கடந்த மனிதர் புழுவுக்குக் கச்சேரி வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது, பொறாமையும் வருகிறது.

கருவிகள் அதிகம் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ் போதும். உங்கள் நிழல் பூச்சியின்மேல் விழாதபடி நில்லுங்கள். இரவில் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துத் தரையைப் பார்த்தால் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் பச்சையாக மின்னும். கல்லைப் புரட்டினால் மறுபடி அப்படியே கவிழ்த்து வையுங்கள், அது சிலரின் கூரை.

மேலும் பேசலாம். ஆனால் இந்த அரங்கின் வாசலில் நிற்கும் செம்பருத்தியில் அசுவினி இருக்கிறது, வரும்போதே பார்த்துவிட்டேன். லென்ஸ் என் சட்டைப் பையில் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் என்னோடு வாருங்கள், வெளிச்சம் போவதற்குள். நன்றி.